மில் ரோட்டைக் கடக்காதவர்கள்

சாலைப் போக்குவரத்தை முப்பத்தைந்து வருடம் கற்பித்த பேராசிரியர் ஆளவந்தாருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. கல்லூரியே இதைச் சொல்லிச் சிரிக்கும். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஓய்வு பெற்ற பிறகும் எங்கே போவதானாலும் அவருக்கு டவுன் பஸ்தான்.

அவரிடம் படித்தவர்களில் பேர் சொல்லும்படி வந்தவள் சுகந்தி. நாற்பத்து மூன்று வயதில் அவளும் பேராசிரியர், துறைத் தலைவர். நகரத்துச் சாலைகளைக் கணினிக்குள் ஓடவிட்டு, எங்கே நெரிசல் வரும், எதை மாற்றினால் தீரும் என்று முன்கூட்டியே சொல்லும் மாடல் ஒன்றைப் பத்து வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்திருந்தாள்.

அந்த மாடல் சொன்னபடி பழைய மில் ரோட்டின் நடுத்தடுப்பில் இருந்த இடைவெளியை அடைத்தார்கள். வண்டிகள் அந்த ரோட்டில் முனைக்கு முனை போய்ச் சேர இருபது நிமிடம் ஆனது போய், பதினொரு நிமிடம் ஆயிற்று. சுகந்திக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பேப்பரில் படம் வந்தது. இன்னும் பத்தொன்பது சாலைகளில் இதே வேலையைச் செய்யக் கோப்பு தயாரானது.

இடைவெளியை அடைத்த எட்டாவது மாதம் ரோஸ்லின் என்ற நர்ஸ் அவளைத் தேடிக் கல்லூரிக்கு வந்தார். மில் ரோட்டில் இருக்கும் சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்.

"எங்க ஆஸ்பத்திரிய மாசக் கடைசியில மூடப் போறாங்க மேடம். வர்றவங்க குறைஞ்சுட்டாங்களாம். முன்னெல்லாம் செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு எண்பது பேர் வருவாங்க. இப்ப இருபது தேறினாலே பெரிசு."

"அதுக்கு நான் என்ன சிஸ்டர் பண்ண முடியும்?"

"ஆர்டர்ல உங்க ரிப்போர்ட்டத்தான் காட்டியிருக்காங்க. அந்த இடத்துல ரோட்டக் கடக்கறவங்களே இல்லைன்னு நீங்க எழுதியிருக்கீங்களாம்."

எழுதியிருந்தாள்தான். இடைவெளியை அடைத்த பிறகு எடுத்த வீடியோவைப் பார்த்து எழுதிய வரி அது. அடைத்த இடத்தில் யார் கடப்பார்கள்? ரோஸ்லினின் முகத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கே அது உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் ஆளவந்தார் வீட்டு வாசலில் நின்றாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"மாடல்ல தப்பில்ல சார். மூணு தடவை சரிபார்த்துட்டேன். ஒவ்வொரு எண்ணும் சரியா இருக்கு. அப்ப எங்கதான் தப்பு நடந்துச்சு?"

ஆளவந்தார் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வா, பஸ் வந்துடும்."

"கார் இருக்கு சார்."

"கார்ல போனா ஆஸ்பத்திரி வாசல்லயே இறங்கிடுவோம். பஸ்லயே வா."

ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தில் இறங்கினார்கள். நிறுத்தத்துக்குப் பின்னால் மில் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள். மில்லை மூடி வெகுகாலம் ஆகியும் வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள். முன்னால் ஆறு வழிச் சாலை, நடுவில் இடுப்பளவு சுவர், அதன்மேல் கம்பி. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியின் போர்டைப் படிக்க முடிந்தது. நடைமேம்பாலம் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

இந்த நிறுத்தத்தில் சுகந்தி ஒருநாளும் நின்றதில்லை. கேமரா வழியாகத்தான் பார்த்திருந்தாள்.

"எண்ணு" என்றார் ஆளவந்தார்.

இந்த வேலையை அவள் தூக்கத்தில்கூடச் செய்வாள். கால் மணி நேரம் எண்ணினாள்.

"டூவீலர் நானூத்திப் பன்னெண்டு, கார் இருநூத்தி முப்பது, ஆட்டோ தொண்ணூறு, பஸ் பதினாலு. வேகம் நல்லா இருக்கு சார்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சரி. இப்ப அந்தச் சந்துப் பக்கம் பாரு."

வரிசை வீடுகளின் சந்திலிருந்து நிறைமாதக்காரி ஒருத்தி வந்தாள். கையில் ஆஸ்பத்திரி நோட்டு. கூடவே மாமியார். சாலையோரம் வரைக்கும் வந்து நின்றார்கள். அந்தப் பெண் ஆஸ்பத்திரியைப் பார்த்தாள், பிறகு பாலத்தைப் பார்த்தாள்.

"ஏறிடுவியா?" என்று மாமியார் கேட்டாள்.

"போன தடவையே பாதிப் படியில கண்ணக் கட்டிட்டு வந்துச்சு அத்தை."

"அப்ப வேணாம். அவன் லீவு போட்டான்னா வண்டியில சுத்திக்கிட்டுக் கூட்டிட்டுப் போவான்."

"போன மாசமும் லீவு கிடைக்கலையே."

இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

"இவங்களை எந்தக் கட்டத்துல போடுவே?" என்றார் ஆளவந்தார்.

சுகந்தியின் மனதில் வண்டி எண்ணும் படிவம் வந்தது. டூவீலர், ஆட்டோ, கார், பஸ், லாரி, சைக்கிள், மாட்டுவண்டி என்று ஏழு கட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. கார் என்றால் ஒன்று, பஸ் என்றால் மூன்று, டூவீலர் என்றால் அரை. மாடல் தின்று வளர்ந்ததெல்லாம் அந்த ஏழு கட்டங்களைத்தான். திரும்பிப் போனவர்களை விடுங்கள், ஒழுங்காக நடந்து கடந்தவர்களுக்கே அதில் இடம் இல்லை. இடைவெளியை அடைக்கும் முன்பு எத்தனை பேர் இங்கே கடந்தார்கள் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"கட்டம் இல்ல சார்."

எட்டு மாதத்துச் செவ்வாய்க்கிழமைகளை நினைத்துக்கொண்டாள். எத்தனை பேர் இந்த ஓரம் வரைக்கும் வந்து திரும்பினார்களோ, அவர்களில் யாருக்கு என்ன ஆயிற்றோ.

"இன்னிக்கே எழுதிக் குடுத்துடறேன் சார். ரிப்போர்ட் தப்பு, ஆஸ்பத்திரிய மூடாதீங்க, இடைவெளியைத் திறங்கன்னு. அந்தப் பத்தொன்பது ரோடும் நிக்கட்டும். பத்து வருஷ வேலை போனாப் போகுது. தப்பு என்னுதுதானே."

"எழுது. ஆனா மொத்தத்தையும் உன் தலையில போட்டுக்காதே."

அவர் நிறுத்தத்தின் இரும்பு இருக்கையில் உட்கார்ந்தார். அவளையும் உட்காரச் சொன்னார்.

"அந்த ஏழு கட்டத்தைப் போட்டவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஸ்டென்சில் வெட்டி உருட்டிப் பிரதி எடுத்தது. அதையேதான் நீ கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கே."

"தெரியும் சார்."

"இது உனக்குத் தெரியாது. இருபத்து மூணு வருஷம் இருக்கும். மார்க்கெட் முக்குல பசங்களை வண்டி எண்ண உட்கார வச்சிருந்தேன். ஒரு பொண்ணு பேப்பரைத் தூக்கிட்டு ஓடி வந்தா. 'சார், நடந்து போறவங்களை எதுல போடறது?'ன்னு கேட்டா. நான் பேப்பரைக்கூட வாங்கிப் பாக்கல. 'அவங்க எப்படியாவது போய்க்குவாங்க, நீ வண்டிய எண்ணு'ன்னேன். போய் உட்கார்ந்து எண்ண ஆரம்பிச்சுட்டா. அதுக்கப்புறம் அந்தக் கேள்வியக் கேக்கவே இல்ல."

விரலால் இருக்கையின்மேல் ஒரு கோடு கிழித்தார்.

"ஒரு கட்டம் சேர்த்திருக்கலாம் சுகந்தி. ஒரு கோடு கிழிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"யாரு சார் அந்தப் பொண்ணு?"

"நீதான்."

சுகந்தி யோசித்துப் பார்த்தாள். மார்க்கெட் முக்கு ஞாபகம் வந்தது. அன்றைய வெயில், பக்கத்தில் கொட்டிக் கிடந்த கத்தரிக்காய், நாலு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு போட்டுப் போட்டு மரத்துப்போன விரல், எல்லாமே வந்தன. அந்தக் கேள்வி மட்டும் வரவில்லை.

"நான் அப்படிக் கேட்டதா ஞாபகமே இல்லையே சார்."

ஆளவந்தார் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இருக்காதும்மா. அதை மறக்கத்தான் நான் உனக்குச் சொல்லிக் குடுத்தேன்."