களவாண்ட பிச்சிக் கன்னு

ஒரு ஊர்ல குருவம்மா, குருவம்மான்னு ஒரு கிழவி இருந்தாளாம். அவளுக்கு ஒரே மவன் சுடலை, ஒரு மருமவ, மூணு பேரப்பிள்ளைக. வீட்டுக்குப் பின்னால தோட்டம் போட்டிருந்தா. முருங்கை உண்டு, கறிவேப்பிலை உண்டு, பிச்சிப்பூக் கொடி உண்டு. விடிஞ்சா தண்ணி ஊத்துவா, பறிச்சுட்டு வந்து ஆக்கிப் போடுவா, எல்லாரும் தின்ன பொறவுதான் அவ சட்டியை வழிப்பா.

கேட்டு வாங்கின கன்னு தழைக்காது, திருடி வச்ச கன்னுதான் தழைக்கும்னு சொல்லுவாகல்லா? அதனால ஊர்ப் பொம்பளைக தோட்டத்துக்குள்ள நுழைஞ்சா, குருவம்மா பாக்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கிடுவாளாம். பிடுங்கிட்டுப் போறவளும் சும்மா போக மாட்டா. ஆட்டை விரட்டிட்டு, ஒரு குடம் தண்ணி ஊத்திட்டுத்தான் போவா.

அப்படி இருக்கையில குருவம்மா செத்துப் போனா, ஊரே அழுதுச்சு. பதினாறு முடிஞ்ச மறுநாள் பக்கத்து வீட்டு மாடத்தி வழக்கம்போல வந்து ஒரு கன்னுல கை வச்சா. சுடலை பாத்துட்டான். எங்காத்தாதான் ஏமாளி, நான் இல்லன்னு சொல்லி, ஊர் நடுவுல வச்சு அவளைத் திருடின்னுட்டான். நரம்பில்லாத நாக்கு, எப்படியும் பேசும். அதோட விட்டானா? கருவேல முள்ளை வெட்டி, ஆள் உசரத்துக்கு வேலியும் அடைச்சான்.

பொறவு பொண்டாட்டி ஊர் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோட கிளம்பினான். வேலிப் படலை இழுத்துக் கட்டும்போது அவன் ஆட்டுக் கெடா உள்ள நின்னதைப் பாக்கல. கெடா சும்மா இருக்குமா? முருங்கைப் பட்டையைத் தின்னுச்சு, கறிவேப்பிலையைத் தின்னுச்சு, பிச்சியையும் தின்னுச்சு. ஊர்ப் பொம்பளைக பாத்தாக. உள்ள போனா திருடிம்பானேன்னு பேசாம இருந்துட்டாக.

திரும்பி வந்தா தோட்டம் மொட்டை. ஆச்சி செடி எங்கப்பான்னு பிள்ளைக அழுதுச்சு. சுடலைக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. ஆத்தா கையால வச்சது ஒண்ணுகூட வீட்டுல இல்ல. இருக்கிறதெல்லாம் திருடிட்டுப் போனவுக வீட்டுலதான். கேக்க வாய் வரல. கேட்டாலும் தழைக்காதே. அதனால திருடத்தான் போனான்.

முதல் வீட்டுல முருங்கைக் கம்பை ஒடிச்சான். வீட்டுக்காரி பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா. ரெண்டாம் வீட்டுல கறிவேப்பிலைக் கன்னைப் பிடுங்கினான். அவளும் திருப்பிக்கிட்டா. பிச்சிக் கொடி மாடத்தி வீட்டுல மட்டுந்தான் இருந்துச்சு. குனிஞ்சு ஒரு கொடியை இழுத்தான். மாடத்தி திருப்பிக்கிடல. நேரா வந்து கையைப் பிடிச்சுட்டா. ஊரைக் கூட்டப் போறா மாடத்தின்னு நினைச்சான் சுடலை.

"அதை விடுல, அதுக்கு வேரு பிடிக்கல. உங்காத்தாட்ட நான் களவாண்டது இங்க நிக்கி. இதைத் தோண்டிக்கோ. மெதுவா தோண்டு, பிஞ்சு வேரு."

அவ ஏசியிருந்தாத் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியல. மண்ணுல உக்காந்து, ஆத்தா செத்த அன்னிக்கு அழாத அழுகையெல்லாம் அழுதான்.

குடுத்த கன்னு தழைச்சுச்சான்னு கேக்கியளா? ஊர்ல குடுத்த கன்னுல அது ஒண்ணு மட்டும் தழைச்சுச்சு. வேலி முள்ளை அவனே பிரிச்சு அடுப்புல வச்சான். கையெல்லாம் கிழிச்சுது, கிழிக்கட்டும்.

கதை காதுக்குப் போச்சு, கன்னு வேருக்குப் போச்சு. படுங்க, பிள்ளைகளா.