கரண்டி நின்ற இடம்

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு, குருவுக்கு நாற்பத்தாறு. இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சாலிகிராமத்தில் உண்டு. அருமைநாயகம் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவர் டிவி சீரியல் எடுத்துப் பேர் வாங்கியவர். மருமகள் கன்னத்தில் விழும் அடியை மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டிவிட்டு, விளம்பரம் முடிந்ததும் நாலாவது தடவையும் காட்டத் தெரிந்தவர். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒருநாள் தன் மேலேயே அலுப்பு வந்துவிட்டது. சாவதற்குள் உருப்படியாக ஒரு சினிமா எடுத்துவிட வேண்டும் என்று கிளம்பினார்.

சுடர்க்கொடி எடுத்தது மூன்றே படம். மூன்றும் ஓடவில்லை. நாயகம் மூன்றையும் பார்த்துவிட்டு, ஒரு சீப்பு மலைப்பழத்தோடு போய் அவர் வாசலில் நின்றார்.

"எனக்குக் கத்துக் குடுங்க மேடம்."

"உள்ள வாங்க அண்ணே" என்றார் சுடர்க்கொடி. அன்றிலிருந்து அவர் குரு, இவர் சீடர்.

நாயகம் எடுக்க நினைத்தது இரண்டு சகோதரிகளின் கதை. பாளையங்கோட்டையில் பிறந்து, ஒரே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நாவல் எழுதியவர்கள். அக்கா கிருபாவதி கடைசி வரை எழுதினார். பேரும் புகழும் தேடி வந்தன. தங்கை நேசமணி எழுதியது இரண்டு நாவல், இரண்டும் நல்ல நாவல். மூன்றாவதைப் பாதியில் விட்டவர், பிறகு பேனாவைத் தொடவே இல்லை. அக்கா இப்போது இல்லை. தங்கை எண்பத்து நாலு வயதில் அதே வீட்டில் தனியாக இருந்தார்.

அவர் ஏன் நிறுத்தினார் என்பது யாருக்கும் தெரியாது. தெரியாத அந்த இடத்தில் நாயகம் ஒரு காட்சியை எழுதிச் சொருகிவிட்டார். பொறாமை தாங்காத அக்கா, தங்கையின் மூன்றாவது நாவலைத் தூக்கி அடுப்பில் போடுகிறார். தங்கை அந்த நெருப்பிலேயே உலை வைத்து அக்காவுக்குச் சோறு பொங்குகிறார். கதை கேட்ட தயாரிப்பாளர் மூக்கைச் சிந்திக்கொண்டே, "இந்த ஒரு சீன் போதும்ணே" என்றார்.

எல்லாம் சரிதான். ஆனால் நேசமணி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். படப்பிடிப்புக்கு முன்னால் திரைக்கதை முழுவதையும் தனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்றால்தான் படம்.

நாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. சாலிகிராமத்துக்கு ஓடி வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அந்த ஒரு சீனை மட்டும் விட்டுட்டு வாசிச்சுக் காட்டினா தப்பா?"

சுடர்க்கொடி வேறொன்றைக் கேட்டார்.

"அக்கா எரிச்சாங்கன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆனா வேற என்ன நடந்திருக்கும்? ஒரே வீட்டுல ரெண்டு பேர் எழுதினா பொறாமை வராதா?"

"நேசமணியம்மாவையே கேட்டிருக்கலாமே."

"கேட்டேன் மேடம். கேமரா வச்சே கேட்டேன். ஒரே வரியில சொன்னாங்க பாருங்க, உலுக்கிருச்சு."

கைபேசியில் அதைப் போட்டுக் காட்டினார். பிளாஸ்டிக் நாற்காலியில் நேசமணி உட்கார்ந்திருந்தார். "அக்கா மேஜையில உக்காந்து வாசிப்பா. நான் அடுப்புகிட்ட நிப்பேன்" என்றார். அவ்வளவுதான்.

"எவ்வளவு பெரிய அடிமைத்தனம் மேடம்! இந்த ஒரு வரியிலதான் மொத்தப் படத்தையும் கட்டியிருக்கேன்."

சுடர்க்கொடி திரும்பவும் போட்டுப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். மூன்று தடவை, அப்படியே நம்ம பாணி என்று நாயகம் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். நாலாவது தடவை சுடர்க்கொடி கைபேசியை மேஜை மேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடவிட்டார். முகம் இல்லை. குரல் மட்டும் வந்தது.

"அக்கா மேஜையில உக்காந்து வாசிப்பா. நான் அடுப்புகிட்ட நிப்பேன்." ஒரு சின்னச் செருமல். "ஆனா நான்..." என்று தொடங்கிய அந்தக் குரலின் மேலேயே ஏறி விழுந்தது நாயகத்தின் சொந்தக் குரல். "கட்! பிரமாதம்மா! இது போதும்!"

நாயகம் அந்தத் துண்டை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார், பார்த்துக் கண் கலங்கியும் இருக்கிறார். அந்த "ஆனா நான்" அவர் காதில் விழுந்ததே இல்லை.

"ஏதோ சொல்ல வந்திருக்காங்க" என்றார், சுரத்தில்லாமல்.

"ஆமா."

"என்னவா இருக்கும் மேடம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? அங்க நின்னது நீங்க."

"இப்ப நான் என்ன செய்யட்டும்? அந்த சீனை விடட்டுமா, வாசிக்கட்டுமா?"

சுடர்க்கொடி எழுந்து வாசல் கதவைத் திறந்தார். "கேமரா இல்லாமப் போயிட்டு வாங்க அண்ணே."

பாளையங்கோட்டை வீட்டில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார் நேசமணி. நாயகத்தைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தார்.

"நீங்க இங்கன இருந்து வாசிங்க தம்பி. நான் உள்ள நின்னு கேக்கேன்."

"நீங்களும் இங்க உக்காருங்கம்மா. சமையல் அப்புறம் ஆகட்டுமே."

"எனக்கு உக்காந்து கேக்க வராது."

நாயகத்துக்கு ஏமாற்றமாகப் போயிற்று. முகத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்தியவர் அவர். எதிரில் முகம் இல்லாமல் யாருக்கு வாசிப்பது? வேறு வழியில்லாமல் தொடங்கினார். உள்ளே சட்டியில் கரண்டி தட்டும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் சத்தம் நின்றது. நாயகம் தடுமாறி, அடுத்த வரிக்குப் போனார். கரண்டி மறுபடி தட்டியது. இன்னொரு பக்கத்தில் திரும்பவும் நின்றது. குழம்பைக் கூட்டுகிறார், அடுப்பைத் தணிக்கிறார் என்று முதலில் சமாதானம் செய்துகொண்டார். பிறகுதான் உறைத்தது. கரண்டி நின்ற இடமெல்லாம், எழுதும்போது அவருக்கே உள்ளுக்குள் கொஞ்சம் கூசிய இடங்கள்.

எரிக்கும் காட்சி வந்தது. இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, குரல் மாறாமல் அடுத்த காட்சியை வாசித்தார்.

"தம்பி."

"அம்மா?"

"ஒரு எடத்தைத் தாண்டிட்டிய."

"இல்லியேம்மா."

"இவ்வளவு நேரம் அக்காவும் தங்கச்சியும் பேசிக்கிட்டு இருந்தாளுவ. இப்ப ரெண்டு பேரும் முகம் பாக்க மாட்டேங்காளுவ. நடுவுல என்னமோ நடந்திருக்கு. அதை வாசிங்க."

நாயகத்துக்கு வேர்த்துவிட்டது. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையன் கதிதான். புரட்டிய தாளைத் திரும்ப எடுத்து, தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார். பொறாமை, சண்டை, அடுப்பு, நெருப்பு, உலை எல்லாவற்றையும் வாசித்தார். தயாரிப்பாளரை அழ வைத்த வசனங்கள் அந்தச் சாப்பாட்டு மேஜையில் சக்கையாக விழுந்தன. முடிகிற வரை உள்ளே கரண்டி தட்டவே இல்லை.

நேசமணி கையைத் துடைத்தபடி வந்து எதிரில் உட்கார்ந்தார். படம் போயிற்று என்று நாயகம் முடிவு கட்டிவிட்டார்.

"இப்படி நடந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார் நேசமணி.

நாயகத்தின் நாக்கு நுனியில் நாலைந்து கேள்விகள் வந்து நின்றன. கஷ்டப்பட்டு எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார்.

"எரிக்கணும்னா ஆத்திரம் வரணும். ஆத்திரம் வரணும்னா நான் வாசிச்சதை அவ கேட்டிருக்கணும்லா."

வெளியே ஒரு ஆட்டோ போனது. நேசமணி மேஜை மேல் கிடந்த கறிவேப்பிலைக் காம்பை எடுத்து ஓரமாக வைத்தார்.

"எங்க வீட்டுல ஒரு வழக்கம் உண்டும். அம்மா சின்னதுலயே போயிட்டா. அதனால ஒருத்தி எழுதுனா மத்தவ சமைக்கணும். எழுதுனவ அன்னன்னைக்கு எழுதுனதை இங்கன உக்காந்து சத்தமா வாசிக்கணும். அக்கா வாசிப்பா, நான் அடுப்புகிட்ட நின்னு கேப்பேன். பொய்யா ஒரு வரி வந்துட்டுன்னா கரண்டி தானா நின்னுரும். அவ உடனே அதை அடிச்சிருவா. என்ன தப்புன்னு அவ கேட்டதும் இல்ல, நான் சொன்னதும் இல்ல. அவ நாவல் எல்லாம் அப்படி எழுதுனதுதான்."

"ஆனா நான்..." என்று நிறுத்தினார்.

நாயகம் காத்திருந்தார்.

"ஆனா நான் வாசிச்சா, அக்கா உள்ள நின்னு பாட்டு முனங்குவா. குழம்புக்கு உப்புப் போட மறந்துருவா. கெட்டவ இல்ல தம்பி. என் மேல உசிரையே வச்சிருந்தா. அவளுக்குக் கேக்க வராது, அவ்வளவுதான். சில பேருக்குப் பாட வராதுல்லா, அது மாதிரி. ரெண்டு நாவலை எப்படியோ இழுத்து முடிச்சேன். மூணாவது பாதிதான் ஆயிருந்துது. ஒருநா வாசிச்சுக்கிட்டே இருக்கேன், உள்ள இருந்து, 'முடிஞ்சுதா நேசம்?'னு கேட்டா."

"நீங்க என்னம்மா சொன்னீங்க?"

"'முடிஞ்சுதுக்கா'ன்னு சொன்னேன்."

கட், பிரமாதம்மா, இது போதும். நாயகத்தின் மண்டைக்குள் அவர் குரலே திரும்பத் திரும்பக் கேட்டது. அவமானமாக இருந்தது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

நேசமணி சுவரோரத்து அலமாரியைக் காட்டினார். "அந்தா இருக்கு அக்கா நாவல் எல்லாம். அட்டையில அவ பேரு மட்டுந்தான். எனக்கு வருத்தம் இல்லன்னு சொல்லலாம். சொன்னா கரண்டி நின்னுரும்."

எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தவர், வாசல்படியில் திரும்பினார்.

"படம் எடுங்க தம்பி. அந்தத் தீயை மட்டும் அக்கா கையில குடுக்காதிய. அவளுக்கு அடுப்பு பத்த வைக்கவே நான் போவணும்." பிறகு, "மிச்சத்தையும் வாசிங்க. அவ போன பொறவு இந்த மேஜையில யாரும் வாசிக்கல" என்றார்.

நாயகம் கடைசிப் பக்கம் வரை வாசித்தார். கரண்டி நின்ற இடங்களையெல்லாம் அங்கேயே அடித்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டார். குழம்பில் உப்பு கச்சிதமாக இருந்தது.

சென்னைக்குத் திரும்பி, தயாரிப்பாளரிடம் புதுக் காட்சியைச் சொன்னார். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, "இதுல என்னண்ணே இருக்கு? நெருப்பும் இல்ல, அழுகையும் இல்ல. படமாக்கி ஒரு சீனைக் காட்டுங்க, அப்புறம் பேசுவோம்" என்று எழுந்து போய்விட்டார்.

நாயகம் சுடர்க்கொடியிடம் வந்து உட்கார்ந்தார். பாளையங்கோட்டையில் கேட்டதையெல்லாம் சொன்னார்.

"எரிக்கிற சீன் போச்சு மேடம். அந்த இடத்துல இப்ப இருக்கிறது இதுதான். தங்கச்சி வாசிச்சுக்கிட்டு இருக்கா. அக்கா உள்ளேருந்து முடிஞ்சுதான்னு கேக்கிறா. தங்கச்சி முடிஞ்சுதுன்னு சொல்றா."

"ம்."

"தியேட்டர்ல உக்காந்திருக்கிறவனுக்கு இது போதுமா?"

நாயகம் தலையைச் சொறிந்துகொண்டார்.

"அந்தப் பொண்ணு முகத்துக்கு ஒரு குளோசப் வைக்கிறேன். 'முடிஞ்சுதுக்கா'ன்னு சொல்றா, கண்ணு நிறையுது. அதோட கட் சொல்லிடலாம்ல?"

"வேண்டாம் அண்ணே" என்றார் சுடர்க்கொடி. "அவ எழுந்து உள்ள போகட்டும். குழம்புக்கு உப்புப் போடட்டும்."