ரத்தான வகுப்பு

விருதுநகர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே கம்ப்யூட்டர் துறைத் தலைவர் கோதண்டபாணி வாயைத் திறந்தால் மூடமாட்டார். "அடுத்தவன் சொல்றதைக் காது கொடுத்துக் கேட்கறதுக்கு இன்ஜினீயருக்கு ஒரு வகுப்பா? ரத்து!" என்று கால அட்டவணையில் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

லேப் உதவியாளர் செண்பகவல்லிக்கு ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனாலும் புரோகிராம் ஓடாத பிள்ளைகள் அவளிடம்தான் ஓடினார்கள். தலைவருக்கு அது பொறுக்கவில்லை.

"ஏம்மா, நான் எழுதின புரோகிராம் பரீட்சைக்கு வர்ற ஆயிரம் பேரையும் முதல் அறையிலேயே உட்கார வைக்குது. மூணு நாளா பிடிபடல. மணி அடிக்கறதுக்குள்ள சரி பண்ணு. முடியலைன்னா நாளையிலேருந்து உனக்கு ஸ்டோர் ரூம்தான்!"

மாணவர்கள் கூடிவிட்டார்கள். செண்பகவல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். முதல் வரியிலேருந்து நீங்களே சொல்லுங்க. இது என்ன செய்யுது?"

"இதுகூடத் தெரியாதா?" என்று அவர் பெருமையாக ஆரம்பித்தார். அவள் வரிக்கு வரி 'ம்' கொட்டினாள்.

"அப்புறம் சார்?"

"அப்புறம் என்ன, அறை நிரம்பினதும் அடுத்த அறைக்கு..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார். அடுத்த அறைக்குப் போகச் சொல்லும் வரியை அவர் எழுதவே இல்லை!

அவசரமாக அதைத் தட்டினார். ஆயிரம் பேரும் அழகாக அறை அறையாகப் பிரிந்தார்கள். லேப்பே கைதட்டியது.

"தப்பைக் கண்டுபிடிச்சது நான். நீ என்ன கிழிச்ச?" என்றார் தலைவர்.

"ஒண்ணுமில்ல சார். நீங்க ரத்து பண்ணின வகுப்பை நடத்தினேன்."