கண் எடுக்காத காவல்

கபடி ஆடுகிறவளுக்கு வேதியியல் மண்டையில் ஏறாது என்பது பேராசிரியர் தணிகாசலத்தின் கணக்கு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்த வடிவுக்கரசி வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியதும், அவளைக் கல்லூரி முதல்வர் அம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

"காப்பி அடிச்சிருக்கா மேடம். இல்லைன்னா நிரூபிக்கட்டும். முடியலைன்னா டீமை விட்டுத் தூக்கிடுங்க."

"பாடம் ஒப்பிச்சாத்தான் எங்க கோச் ஆடவே விடுவாரு மேடம்," என்றாள் வடிவு. "அதோட, எனக்கு ஒரு சாட்சியும் இருக்கு."

"யாரு, அந்தக் கோச்சா?"

"நீங்கதான் சார். பரீட்சை முழுக்க என் பக்கத்துலயே நின்னீங்களே. நடுவுல எங்கயாவது நகர்ந்தீங்களா?"

"நகருவேனா? உன்னைப் பத்தித் தெரியாதா எனக்கு? மணி அடிக்கிற வரைக்கும் உன்மேல வெச்ச கண்ணை எடுக்கலையே."

"அப்புறம் எப்படி சார் நான் காப்பி அடிச்சேன்?"

முதல்வர், தணிகாசலம் மேசைமேல் கொண்டுவந்து வைத்திருந்த வகுப்பின் மற்ற விடைத்தாள்களை இழுத்துப் புரட்டினார். பின்பெஞ்சுக்காரர்கள் தாளிலெல்லாம் ஒரே தப்பு, ஒரே இடத்தில்.

"அது சரி சார்," என்றார் நிதானமாக. "மத்தவங்களை யாரு பார்த்துக்கிட்டிருந்தா?"

அப்போதுதான் தணிகாசலம் வடிவின்மேல் இருந்த கண்ணை எடுத்தார்.