எழுபது பலம்

"என் தம்பிக்கு நான் என்ன குறை வெச்சேன், அம்மா?"

சேந்தனார் வந்து இப்படிக் கேட்டபோது, மடத்துத் தலைவி அமுதவல்லி பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். குருவுக்கு வயது முப்பது. சீடருக்கு அறுபது. அந்த மடத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

"என்னென்ன செஞ்சீங்க?"

"வளர்த்தேன். படிக்க வெச்சேன். கல்யாணம் பண்ணி வெச்சேன். தண்ணி பாயுற நிலத்தை அவனுக்கு விட்டுட்டு, மேட்டு நிலத்தை நான் எடுத்துக்கிட்டேன். செய்ய வேண்டியதுக்கு மேலயே செஞ்சேன். இப்ப படுத்த படுக்கையா கிடக்கான். பார்க்கப் போனா முகத்தைத் திருப்பிக்கிறான்."

"போய் என்ன சொன்னீங்க?"

"இதையெல்லாம்தான் சொன்னேன்."

அமுதவல்லி பருப்பை ஒதுக்கிவிட்டு, தராசின் ஒரு தட்டில் மணல் பை ஒன்றை வைத்தார்.

"இது எழுபது பலம். எழுபதை மிச்சமில்லாம வகுக்குற எண்கள் எது எது?"

சேந்தனார் கணக்கில் புலி. கேட்ட மாத்திரத்தில் முகம் மலர்ந்துவிட்டது.

"எழுபதை விட்டுட்டா ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, ஏழு, பத்து, பதினாலு, முப்பத்தஞ்சு."

அதே எடைகளில் ஏழு கற்களை அவர் முன் வைத்தார் அமுதவல்லி.

"இதை வெச்சு முள்ளை நேரா நிறுத்துங்க."

இது ஒரு வேலையா என்பது போல, ஏழு கற்களையும் எதிர்த் தட்டில் அடுக்கினார் சேந்தனார். தட்டு தாழ்ந்தது.

"எழுபத்து நாலு. நாலு கூடுது. எடுத்துட்டா சரி."

நாலு பலத்தில் கல் இல்லை. ஒன்றையும் இரண்டையும் எடுத்தார். இன்னும் ஒரு பலம் கூடுதல். அவற்றை வைத்துவிட்டு ஐந்தை எடுத்தார். ஒரு பலம் குறைந்தது.

விட மனமில்லை. வேறு எண்களை மனதில் போட்டுப் பார்த்தார். பன்னிரண்டை வகுப்பவை கூடினால் பதினாறு, நாலை எடுத்தால் பன்னிரண்டு. இருபதுக்கு இருபத்திரண்டு, இரண்டை எடுத்தால் தீர்ந்தது. எழுபதுக்கு முன்னால், கூட்டினால் மிஞ்சுகிற எந்த எண்ணும் இப்படி அடம் பிடிக்கவில்லை.

"என்ன எண் அம்மா இது! தேவைக்கு மேல இருக்கு, தேவையானது மட்டும் வரமாட்டேங்குது. எதை எடுத்தாலும் வராது."

அமுதவல்லி மறுபடி எல்லாக் கற்களையும் தட்டில் வைத்தார். பிறகு இரண்டு பலக் கல்லை எடுத்து, மணல் பையின் மேல் வைத்தார்.

இந்தப் பக்கம் எழுபத்திரண்டு. அந்தப் பக்கமும் எழுபத்திரண்டு. முள் நேராக நின்றது.

"அது அந்தப் பக்கத் தட்டாச்சே!"

"அங்க கல் வைக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

சேந்தனார் சிரிக்க வாயெடுத்தார். சிரிப்பு வரவில்லை. மணல் பையின் மேலிருந்த கல்லையே பார்த்தார்.

"எனக்கு அம்மை போட்டப்போ ஊரே ஒதுங்கிப் போச்சு," என்றார். "பத்து வயசு அவனுக்கு. என் பக்கத்துலயே உட்கார்ந்து வேப்பிலையால விசிறிக்கிட்டே இருந்தான். அதை நான் ஒரு நாளும் அவன்கிட்ட சொன்னதில்லை, அம்மா."

"இன்னும் ஏன் இங்க நிக்கிறீங்க?"