மாசிக்கு ஒரு பூ

சிவக்கொழுந்து முப்பத்தைந்து வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்று, மலையடிவார ஆசிரமத்தில் சீடராகச் சேர்ந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பூக்களுக்கும் கால அட்டவணை போட்டுவிட்டார்.

வைகாசிக்கு ஃபுட்பால் லில்லி. ஆடியிலிருந்து சம்பங்கி. ஐப்பசி, கார்த்திகைக்குக் காந்தள். தைக்கு டேலியா. மற்ற மாதங்களுக்கும் ஒவ்வொன்று. எல்லாமே கிழங்கு வகை. ஒன்று போனதும் அடுத்தது வந்து நிற்க வேண்டும். போன வருடம் இறந்துபோன மனைவி வேதநாயகியின் படம் ஒரு நாள்கூடப் பூ இல்லாமல் இருக்கக் கூடாது. இத்தனைக்கும் அந்த அம்மாள் உயிரோடு இருந்தவரை ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்த மனிதர் இல்லை.

மாசி மாதம்தான் இடித்தது.

ஆசிரமத்தின் குரு அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். பாத்தியில் மண்வெட்டியோடு நின்றவரிடம் வந்தார்.

“என்ன செய்றீங்க ஐயா?”

“மாசிக்குப் பூ இல்லம்மா. இந்தக் காந்தள் செத்துப்போச்சு. தோண்டி எறிஞ்சிட்டு வேற வைக்கணும். என்ன வைக்கலாம்?”

அம்மை மண்வெட்டியை வாங்கி ஓரமாக வைத்தார். காய்ந்த கொடியின் அடியில் விரலால் மண்ணை விலக்கினார். கலப்பை போல வளைந்த கிழங்கு தெரிந்தது. நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது.

“சாகல. தூங்குது. மழை வந்தா எழுந்துக்கும்.”

சிவக்கொழுந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“இதே மாதிரி கிழங்குதாம்மா. என் சம்சாரம் பொறந்த வீட்லேருந்து கொண்டுவந்தா. மாத்தலாகிப் போற ஊருக்கெல்லாம் துணியில சுத்தி எடுத்துட்டு வருவா. செத்த கிழங்கை எதுக்குடி சுமக்கிறேன்னு ஒரு தடவை நான்தான் ரயில்லேருந்து வெளிய வீசிட்டேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அதுக்கப்புறம் எங்கிட்ட எதையுமே கேட்டதில்ல. சண்டை சச்சரவு இல்லாத வீடுன்னு நானும் பெருமை பேசிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

அவருக்கு அழுகை வந்துவிட்டது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அதுக்குள்ள உயிர் இருக்குன்னு அன்னிக்கு யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா?”

அம்மை கிழங்கின் மேல் மண்ணைத் தள்ளி மூடினார்.

“அதுக்கப்புறம் எத்தனை வருஷம் சேர்ந்து இருந்தீங்க?”

“இருபத்தெட்டு வருஷம்.”

“அத்தனை வருஷமும் அவங்க உயிரோடதானே இருந்தாங்க, ஐயா?”