பேர் சொல்லாதது

முன்னொரு காலத்தில் நெடுங்குன்ற நாட்டை மங்கலவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்பதைவிட ஆட்டி வைத்தான் என்றால் பொருத்தமாக இருக்கும். காலையில் பிடித்தது அவனுக்கு மாலையில் கசந்துவிடும்.

ஒரு நாள் பக்கத்து நாட்டு ராஜாவிடமிருந்து ஓலை வந்தது. "பூச்சிகளைப் பற்றி எல்லாம் அறிந்த, பேர்பெற்ற அறிஞர் ஒருவர் எங்கள் நாட்டில் இருக்கிறார். உங்கள் நாட்டில் அப்படி யார்?" என்று கேட்டிருந்தது. அதுவரை எறும்பைக்கூடக் குனிந்து பார்த்தறியாத மங்கலவர்மனுக்கு அந்த நிமிஷமே ஒரு பூச்சி அறிஞர் வேண்டியிருந்தது.

"நான் ஒருவன் இருக்கிறேனே!" என்று சபையில் எழுந்தார் பூதலிங்கப் புலவர். பூச்சிகளைப் பற்றி ஆயிரம் பாட்டு எழுதி, அந்த ஏட்டுக்கட்டைச் சிவப்புப் பட்டில் சுற்றிப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர். எங்கே போனாலும் பெட்டியும் கூடவே வரும். யாரும் அதைத் தொடக் கூடாது. அவரும் பத்து வருஷமாகத் திறந்ததில்லை. எல்லாம் நாக்கு நுனியில் இருக்கிறதாம்.

மந்திரி நல்லாதன் சும்மா இருந்திருக்கலாம். இருக்க மாட்டாரே! "மகாராஜா, நம் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் செம்மாயியையும் அழைத்துக் கேளுங்கள். பதினோரு வருஷமாக விதைநெல்லில் ஒரு வண்டு விழுந்ததில்லை" என்றார்.

புலவருக்கு முகம் கறுத்துவிட்டது. "நெல் புடைக்கிறவளும் நானும் சமமா? சரி, வரட்டும். ஆனால் ராஜா கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாதவரின் தலை உடம்பில் இருக்கக் கூடாது. சம்மதமா?"

"பலே!" என்று ராஜா தொடையைத் தட்டினான். நல்லது செய்யப் போய், தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தவளைக் கத்திக்கு முன்னால் நிறுத்திவிட்டோமே என்று மந்திரி நொந்துபோனார்.

செம்மாயி வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து, சபையில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. தலையெல்லாம் உமித்தூசி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரமாக நின்றாள். ராஜா தன் ஆறு மாதக் குழந்தையை, அதாவது இளவரசனை, மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே கேட்டான்.

"தானியத்தில் பூச்சி விழாமல் இருக்க என்ன வழி?"

புலவர் முந்திக்கொண்டார். "என் நூலின் எழுநூற்று நாற்பத்திரண்டாம் பாட்டைப் பாடிக்கொண்டே களஞ்சியத்தை மூன்று சுற்று வந்தால் போதும்" என்று தொடங்கி, அந்தப் பாட்டின் பெருமையை அரை நாழிகை விளக்கினார். ராஜா கொட்டாவி விட்டுவிட்டுச் செம்மாயி பக்கம் திரும்பினான்.

"நீ என்ன செய்கிறாய்?"

"நெல்லை நல்லாக் காயவெச்சு, குதிருல கொட்டறப்ப இடையிடையே ஒரு வேரைப் போட்டு வெப்பேனுங்க, மகாராசா."

"அந்த வேரின் பேர் என்ன?"

"பேர் சொல்லாததுங்க."

ராஜா குழந்தையை ஆட்டுவதை நிறுத்தினான். "பேர் என்ன என்று கேட்கிறேன்."

"அதாங்க மகாராசா, பேர் சொல்லாதது."

"பார்த்தீர்களா திமிரை!" என்று துள்ளினார் புலவர். "கேட்பது ராஜா! பேர் சொல்ல மாட்டாளாம்!"

சபையில் பாதிப் பேருக்கு அவள் சொன்னது புரிந்துவிட்டது. கோபத்தில் இருக்கும் ராஜாவிடம் 'உங்கள் காதில் தப்பாக விழுந்தது' என்று யார் சொல்வது? எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பெரிய மனிதர்கள்!

"கடைசியாகக் கேட்கிறேன். பேரைச் சொல்!"

செம்மாயி கை கூப்பினாள். "விளக்கு வெச்சாச்சுங்களே, சாமி. இப்ப அதை வாய்விட்டுச் சொன்னா மருந்தோட வேகம் போயிரும்பாங்க. குதிருல கிடக்கறது ஊருக்கே விதைநெல்லு. அது கெட்டுப்போச்சுன்னா சனங்க எதை விதைப்பாங்க? காலையில கேளுங்க, சொல்லிடறேன்."

"காலையில் உனக்கு வாயே இருக்காது!" என்று ராஜா கத்தினான். காவலன் வாளை உருவிக்கொண்டு வந்தான்.

"நியாயமான தண்டனை, மகாராஜா" என்று மந்திரி எழுந்தார். செம்மாயி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அவள் பக்கமே திரும்பவில்லை. "கேட்டால் பேர் சொல்லாதவர் யாராக இருந்தாலும் தலை போக வேண்டும். யாராக இருந்தாலும் என்று தாங்களே ஆணையிட்டுவிடுங்கள்."

"யாராக இருந்தாலும்! இது என் ஆணை!"

"நல்லது. இளவரசர் கையில் செவிலித்தாய் ஒரு காப்புக் கட்டியிருக்கிறாளே, பழுப்பு நிறத்தில், வேரை நறுக்கிக் கோத்து. அதன் பேர் என்ன, மகாராஜா?"

"இதுவா?" ராஜா குழந்தையின் கையைத் தூக்கிப் பார்த்தான். "இதுகூடத் தெரியாதா? சின்ன வயதில் எனக்கும்தான் கட்டியிருந்தார்கள். இது பேர் சொல்லா..."

பேச்சு அப்படியே நின்றுவிட்டது. காவலன் வாளோடு விழித்தான். ராஜாவின் கை தானாகவே போய்த் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தது.

பிறகு சிரித்தான் பாருங்கள் ஒரு சிரிப்பு! மடியிலிருந்த குழந்தை மிரண்டு அழுதது. "வாளை உள்ளே போடு! விளக்கு வைத்த பிறகு அந்த வேருக்கு அதுதான் பேர். அவள் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் காது கேட்கவில்லை. புலவரே, ஊரிலுள்ள செவிலிக்கெல்லாம் தெரிந்த இந்த வேர் உம்முடைய நூலில் உண்டா?"

"ஏதாவது ஒரு பாட்டில் இருக்கும்..."

"எடுத்துக் காட்டும்."

பெட்டி திறந்தது. சிவப்புப் பட்டைப் பிரித்ததும் பொலபொலவென்று தூள் கொட்டியது. ஏடு ஒவ்வொன்றிலும் ராமபாணப் பூச்சி இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறியிருந்தது. ஆயிரம் பாட்டில் முழுசாக ஒரு வரி மிஞ்சவில்லை.

"அடடா, இதுக்குள்ளயும் அதுல ஒரு துண்டு போட்டு வெச்சிருக்கலாமே, சாமி" என்றாள் செம்மாயி. அவள் நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். புலவருக்கு அதுதான் தாங்கவில்லை.

"உம் நூலை முழுக்கப் படித்தவை பூச்சிகள் மட்டும்தான் போலிருக்கிறது" என்றான் ராஜா. "நிபந்தனை நினைவிருக்கிறதா?"

புலவர் தடாலென்று காலில் விழுந்தார்.

"தலை வேண்டாங்க, மகாராசா" என்று செம்மாயி குறுக்கிட்டாள். "நாளைக்கு நெல்லைக் காயப்போட ஆள் பத்தலை. அவரை அனுப்பி வையுங்க."

மறுநாள் புலவர் கையில் முறம் ஏறியது. அது பிறகு நடந்தது. அன்றிரவே ராஜா எழுத்தனை அழைத்துப் பக்கத்து நாட்டு ராஜாவுக்குப் பதில் எழுதச் சொன்னான்.

"எங்கள் நாட்டின் பேர்பெற்ற பூச்சி அறிஞர் செம்மாயி. அவள் பேரைப் பெரிதாக எழுது."

"மருந்தின் பேர், மகாராஜா?" என்று எழுத்தன் எழுத்தாணியைத் தூக்கினான்.

ராஜா விளக்கைப் பார்த்தான். செம்மாயியையும் பார்த்தான்.

"அதைக் காலையில் எழுதிக்கொள்."